ஒன்றாம் நம்பர் முளை

அந்தப் பையின்மேல் காலை வைக்காதீர்கள், தம்பி. கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் சொல்லவில்லை, என் குரலே இப்படித்தான். உடைகிற சாமான் ஒன்றும் இல்லை. ஒரு மரத்துண்டு, கைலியில் சுற்றி வைத்திருக்கிறேன். இருந்தாலும் அதன்மேல் யார் காலும் படக்கூடாது.

நீங்கள் எங்கள் ஊர்க்காரர் இல்லை. எப்படித் தெரியும் என்றால், எங்கள் ஊர்க்காரன் எவனும் என் பக்கத்தில் உட்கார மாட்டான். பின்னால் பாருங்கள், மூன்று பேர் நின்றுகொண்டே வருகிறார்கள். நீங்கள் ஏறுகிறவரைக்கும் இந்த இடம் காலியாகத்தான் இருந்தது. நிற்கட்டும். டவுன் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம். அவர்கள் கால், அவர்கள் வலி.

நான் வடிகால் இலாகா ஆபீசுக்குப் போகிறேன். அங்கே இருக்கிற அதிகாரியின் மேசைமேல் இந்த மரத்துண்டை வைத்து, 'துவான் ஐயா, நாளைக்கு நடப்போகிற கல்லில் ஒரு பேர் தப்பாக வெட்டியிருக்கிறது, மாற்றுங்கள்' என்று சொல்லப் போகிறேன். இன்றைக்கே சொல்லியாக வேண்டும். நாளைக் காலையில் சிமெண்டு போட்டு நட்டுவிடுவார்கள். நட்டுவிட்டால் அப்புறம் என் பேரன் காலத்திலும் அது அங்கேதான் நிற்கும்.

என்ன கல் என்றா கேட்டீர்கள்? கேட்கவில்லையா? பரவாயில்லை, சொல்கிறேன். நீங்களும் சும்மாதானே வருகிறீர்கள்.

எங்கள் ஊர் அரசாங்க வரைபடத்தில் சுங்கை கெலடி. நாங்கள் சொல்வது பதினாலுகுடி. பதினாலு குடும்பம் தொங்கான் படகில் வந்து இறங்கிய இடம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று அங்கே தென்னை போட நினைத்தது. இடம் என்ன இடம் தெரியுமா? ஆறும் கடலும் சேர்ந்துகொண்டு தினம் இரண்டு தடவை உள்ளே வந்து போகிற சேறு. நிப்பாப் பனை, முதலை, கொசு. அதில் தென்னை வைக்க வேண்டுமென்றால் முதலில் ஆற்றைப் பிடித்து வெளியே நிறுத்த வேண்டும். அதற்கு மண்கரை வேண்டும். கரை போட யார்? துரையா இறங்குவார் சேற்றில்? சேலத்துப் பக்கமிருந்து கப்பலேற்றிக்கொண்டு வந்தார்கள், எங்கள் ஆட்களை.

துரை ஆற்றோரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார். குடும்பத்துக்கு இருபது பாகம். பாகம் என்றால், இரண்டு கையையும் இப்படி நீட்டினால்... ஐயோ, தலையில் பட்டுவிட்டதா அம்மா? பார்த்து உட்காருங்கள். இதுதான் தம்பி ஒரு பாகம். அந்த இருபது பாகக் கரையை அந்தக் குடும்பம்தான் போட வேண்டும், அந்தக் குடும்பம்தான் காக்க வேண்டும். நண்டு ஓட்டை போட்டால் அடைக்க வேண்டும். மழையில் கரைந்தால் மண் போட வேண்டும். துண்டு முடிகிற இடத்தில் ஒரு முளை. இரும்பு மாதிரியான காட்டு மரம், ஆள் உயரத்துக்கு மேல் நீளம், தலைப்பக்கம் நம்பர் சுட்டிருக்கும். முழங்கால் உயரம் வெளியே தெரிகிற மாதிரி அடித்து இறக்கியிருப்பார்கள்.

முதல் துண்டு எங்களுடையது. கல் மதகிலிருந்து கடல் பக்கமாக இறங்கினால் முதலில் என் தாத்தா அங்கமுத்து துண்டு. மதகிலிருந்து ஒன்றாம் நம்பர் முளை வரைக்கும். முளைக்கு அந்தப் பக்கம் செங்கோடன் துண்டு. அந்தப் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். செங்கோடன்.

எங்களுக்குத் துண்டுதான் எல்லாம். பெண் பார்க்கப் போனால் 'மாப்பிள்ளை என்ன வேலை' என்று கேட்க மாட்டார்கள், 'எந்தத் துண்டு' என்று கேட்பார்கள். நண்டு ஓட்டை நிறைய இருக்கிற துண்டுக்காரனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். அண்ணன் தம்பி பிரிந்தால் துண்டும் பிரியும். பதினாலு குடும்பம் முப்பதாயிற்று, முப்பது நூறாயிற்று. இப்போது இருநூறு வீடு. இரண்டு முழக் கரைக்குச் சொந்தக்காரன் எல்லாம் இருக்கிறான், கோயில் கூட்டத்தில் வந்து முன்வரிசையில் உட்காருகிறான். கோயில் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, சீனன் கடை வந்தது. ஜப்பான்காரன் வந்தான். ஆம்பிளைகளைச் சயாமுக்கு ரயில்பாதை போட இழுத்துக்கொண்டு போனான். போனவர்கள் துண்டுக்கு அவர்கள் பெண்சாதிகள் மண் சுமந்தார்கள். பாதிப் பேர் திரும்பி வரவே இல்லை, அந்தப் பெண்கள் சுமந்துகொண்டே இருந்தார்கள். அப்புறம் கம்பெனி விற்றுவிட்டுப் போயிற்று, தென்னை போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது. யார் வந்தாலும் யார் போனாலும் கரை எங்கள் கரை. வருஷத்துக்கு ஒருநாள், பெரிய பெருக்கு வருவதற்கு முன்னால், எல்லா வீடும் ஆற்றோரத்தில் கூடித் தன் தன் துண்டில் மண் போட வேண்டும். கரைநாள் என்று பேர். அன்றைக்கு வீட்டில் படுத்திருக்கிறவன் ஊரில் மனுஷனே இல்லை.

நான் நாற்பத்தொரு வருஷமாக வீட்டில்தான் படுத்திருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

என் தாத்தாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஆள் என்றால் ஆள். பதினாலு முளையையும் அடித்தவர் அவர்தான். துரை ஐந்து பேரை விட்டுப் பார்த்தார், அந்த மரம் அசையவில்லை. தாத்தா தனியாளாகக் கொட்டாப்புளியை, அந்தப் பெரிய மரச் சுத்தியலை, தூக்கினார். பத்தே அடி அடித்தார், முளை சேற்றுக்குள் போயிற்று. அந்தக் கொட்டாப்புளி இன்னும் என் வீட்டில் இருக்கிறது. என் மகனால் அதைத் தரையிலிருந்து தூக்க முடியவில்லை. டவுனில் ஏசி அறையில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன் எங்கே தூக்குவான்.

பலம் மட்டுமில்லை, மூளை. கரைநாளில் மற்ற வீடுகளில் நூறு கூடை மண் போட்டால்தான் துண்டு முடியும். எங்கள் தாத்தாவுக்கு எண்பத்தைந்து போதும். ஊரே வெயிலில் குனிந்து கிடக்கும்போது அவர் மதகுமேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார். என் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது கண்ணால் பார்த்தது. 'எப்படி அங்கமுத்து, உனக்கு மட்டும் சீக்கிரம் முடிகிறது?' என்று துரையே கேட்டாராம். 'கைப்பழக்கம் துரை' என்று சொன்னாராம் தாத்தா. அதுதான் திறமை. இருக்கிறவனைப் பார்த்தால் இல்லாதவனுக்கு எரியத்தானே செய்யும்?

இருபத்தாறாம் வருஷம் வெள்ளம் வந்தது. இந்த நாட்டையே புரட்டிப் போட்ட வெள்ளம். மேலேயிருந்து ஆறு வருகிறது, கீழேயிருந்து கடல் ஏறுகிறது. பதினாலு துண்டும் நின்றது. ஒரே ஒரு இடத்தில் பிய்த்துக்கொண்டது. எங்கள் துண்டும் செங்கோடன் துண்டும் சேருகிற இடத்தில். தண்ணீர் நேராகச் செங்கோடன் வீட்டுக்குள் போயிற்று. அவன் பெண்சாதியும் இரண்டு பெண் குழந்தைகளும் போய்விட்டார்கள். பையன் ஒருத்தன் மட்டும் தென்னங்கட்டையைப் பிடித்துக்கொண்டு தப்பித்தான்.

பாவம்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாவம் வேறு, நியாயம் வேறு.

தண்ணீர் வடிந்ததும் துரை சங்கிலி கொண்டுவந்து மதகிலிருந்து அளந்தார். இருபது பாகத்துக்குள்ளேதான் உடைப்பு, ஆகையால் அங்கமுத்து துண்டு என்று சொல்லிவிட்டார். தாத்தா என்ன சொன்னார்? 'துரை, முளை எங்கே இருந்தது என்று ஊரைக் கேளுங்கள். முளை உடைப்புக்கு மேலே, மதகுப் பக்கம் இருந்தது. அப்படியென்றால் உடைப்பு செங்கோடன் துண்டு.' சத்தியமான வார்த்தை. ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். என் அப்பாவும் பார்த்திருக்கிறார். நம்பர் அழிந்து மொட்டையாக நின்றதாம், மழையில் நனைந்து நனைந்து. ஆனால் முளை அங்கேதான் இருந்தது. துரை என்ன சொன்னார்? 'முளை எங்கே இப்போது?' முளை இல்லை! வெள்ளத்துக்குப் பிறகு முளையைக் காணவில்லை. வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்றார்கள். அந்த மரத்தையா வெள்ளம் கொண்டுபோகும்? செங்கோடன்தான் பிடுங்கி ஆற்றில் எறிந்திருக்கிறான். தன் துண்டு உடைந்த பழி தன்மேல் வராமல் இருக்க.

செங்கோடன் என்ன சொன்னான் தெரியுமா? 'நான் கடல் பக்கத்து முளையிலிருந்து என் கையால இருபது பாகம் எண்ணித்தான் வருஷா வருஷம் மண்ணு போட்டேன். அதுக்கு மேல என்னுது இல்லை.' எண்ணினானாம்! குச்சி மாதிரிக் கை. அந்தக் கைக்கு எத்தனை பாகம் வரும்?

அன்றைக்கு ஊர் ஒரு முடிவு எடுத்தது. உடைந்த இடத்தில் செத்தவர்களுக்காக ஒரு விளக்கு மாடம் கட்டுவது. வருஷா வருஷம் கரைநாளில் உடைத்த வீட்டுக்காரன் அந்த மாடத்துக்கு முன்னால் முதல் கூடை மண் போட வேண்டும். அவன் போட்ட பிறகுதான் மற்றவர்கள் கூடையை எடுக்கலாம். முதல் கூடை! மரியாதை மாதிரிப் பேர் வைத்துவிட்டார்கள். ஊர் முழுக்கக் கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருக்க, நீ மட்டும் நடந்து போய், 'ஆமாம், என் வீடுதான் கொன்றது' என்று கொட்டிவிட்டு வர வேண்டும்.

தாத்தா போட்டார். வெள்ளத்துக்கு அப்புறம் அவர் யாரோடும் அவ்வளவாகப் பேசவில்லையாம். கொட்டாப்புளியையும் தொடவில்லையாம். அவமானம் அப்படி. அவருக்கு அப்புறம் என் அப்பா போட்டார். அப்பா இறந்துபோன வருஷம் என் முறை வந்தது. முடியாது என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த வருஷம் ஊர் என்ன செய்தது தெரியுமா? மதியம் வரைக்கும் வெயிலில் நின்றார்கள். முதல் கூடை விழாமல் எடுக்கக்கூடாதே. நான் ஜன்னல் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகக் காயட்டும் என்று. அப்போது ஒருத்தி கூட்டத்திலிருந்து வந்தாள். பாவாயி. செங்கோடன் பேத்தி, தென்னங்கட்டையில் தப்பித்தானே, அவன் மகள். முப்பது வயது அப்போது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நேராக விளக்கு மாடத்துக்குப் போனாள். ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: 'இது வையாபுரியண்ணன் வீட்டுக் கூடை.' கொட்டினாள். திரும்பிப் போனாள்.

வையாபுரி நான்தான்.

அந்தத் திமிரைப் பாருங்கள் தம்பி! போடாவிட்டால் போடாமல் விட வேண்டியதுதானே. என் பேரைச் சொல்லிப் போட வேண்டுமா? ஊரே கேட்க, ஒவ்வொரு வருஷமும், நாற்பத்தொரு வருஷமாக, 'இது வையாபுரியண்ணன் வீட்டுக் கூடை.' குத்திக்காட்டுவது என்றால் அதுதான் குத்திக்காட்டுவது. செத்தது யார் வீட்டுப் பிள்ளைகள், இவள் வீட்டுப் பிள்ளைகள். கொன்றவன் வீட்டுக்கு இவள் எதற்குச் சுமக்க வேண்டும்? கொன்றவன் என்று நான் சொல்லவில்லை, அவர்கள் சொல்கிறபடி சொல்கிறேன்.

இன்னொன்று கேளுங்கள். என் வீட்டுக்காரி ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாள். மூங்கில் கூடை பின்னுவாள், நல்ல கை. அவள் போன பிறகு ஒருநாள் பாவாயி கரைநாளுக்குக் கூடையோடு போவதைக் கிட்டத்தில் பார்த்தேன். விளிம்பில் இரட்டைப் பின்னல், சிவப்புப் பட்டை. என் வீட்டுக்காரி பின்னல்! வருஷா வருஷம் எனக்குத் தெரியாமல் பின்னிக் கொடுத்திருக்கிறாள். என் சோற்றைத் தின்றுகொண்டு, என் பக்கத்தில் படுத்துக்கொண்டு. கேட்கலாமென்றால் ஆள் இல்லை. சாவதற்கு இரண்டு நாள் முன்னால் என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? 'ஒரே ஒரு கூடைங்க. ஒருதரம் தூக்கிப் போட்டுட்டு வந்துருங்க.' காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சரி. இப்போது கல் விஷயம்.

அரசாங்கம் எங்கள் மண்கரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் சுவர் கட்டுகிறது. இனிமேல் யாரும் மண் போட வேண்டாம். நாளைக்குத்தான் கடைசிக் கரைநாள். ஊர்க் கமிட்டிக்காரர்கள் போய் இலாகாவைக் கேட்டார்கள், சுவர் நெடுகப் பதினாலு குடும்பத்தின் பேரையும் கல்லில் வெட்டிப் பதிக்க வேண்டும் என்று. இலாகா ஒத்துக்கொண்டது. கமிட்டித் தலைவன் மாதையன் என்று ஒருத்தன். அவன் பாட்டன் வந்தது மூன்றாவது தொங்கானில். வரும்போது சேறெல்லாம் காய்ந்துவிட்டது, செருப்புப் போட்டுக்கொண்டு இறங்கியிருப்பான். அவன் பேரன் தலைவன். விளக்கு மாடத்தை இடிப்பதால் அந்த இடத்திலும் ஒரு கல் வைக்கப் போவதாகச் சொன்னான். கூட்டத்தில் வாசித்தான்: 'இவ்விடத்தில், அங்கமுத்து துண்டில், இருபத்தாறாம் வருஷ வெள்ளத்தில் கரை உடைந்தது.' கீழே செத்த மூன்று பேர் பெயர்.

நான் எழுந்தேன். "யாருடா சொன்னது அங்கமுத்து துண்டுன்னு?"

"பெரியவரே, யாரையும் குத்தம் சொல்லலை. நடந்ததை எழுதறோம்."

"நடந்ததை நீ பார்த்தியாடா?"

"நீங்க பார்த்தீங்களா?" என்றான். கூட்டம் சிரித்தது. அந்த மூஞ்சியை எல்லாம் நான் எழுதி வைக்காமலே ஞாபகம் வைத்திருக்கிறேன்.

அப்போது பாவாயி எழுந்தாள். முட்டி வீங்கி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வையாபுரியண்ணனுக்கு மனசு சங்கடம்னா அந்த வரி வேண்டாம் மாதையா. செத்தவங்க பேரு மட்டும் போதும்."

புரிகிறதா உங்களுக்கு, இவள் தந்திரம்? அந்த வரியை எடுத்துவிட்டால் ஊர் என்ன சொல்லும்? 'வையாபுரி கெஞ்சினான், பாவாயி விட்டுக்கொடுத்தாள்' என்று சொல்லும். எனக்கு யார் விட்டுக்கொடுக்கணும்? நான் சொன்னேன்: "எழுதுங்கடா. கட்டாயம் எழுதணும். ஆனா உள்ளதை எழுதுங்க. செங்கோடன் துண்டுன்னு எழுதுங்க."

"ஆதாரம்?" என்றான் மாதையன்.

"முளை கிடைச்சா ஒத்துக்குவியா?"

"கிடைச்சா எல்லாரும் ஒத்துக்குவோம் பெரியவரே. இல்லைன்னா நீங்க ஒத்துக்கணும். சரியா?"

"சரிடா" என்றேன். ஊர் முன்னால் சொன்னேன். இருநூறு வீட்டுக்காரர்களும் சாட்சி.

இதெல்லாம் போன மாதம். நேற்றுக் காலையில் மண்வாரி வண்டி எங்கள் பக்கம் தோண்டிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவன் வங்காளதேசத்து ஆள். நான் தினம் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். திடீரென்று வாளியில் ஏதோ மாட்டிக்கொண்டு வண்டியே ஒரு குலுங்கு குலுங்கிற்று. பாறையோ என்று இறங்கிப் பார்த்தான். பாறை இல்லை. வருஷா வருஷம் போட்ட மண்ணுக்கு அடியில், ஆறடி ஆழத்தில், நேராக, செங்குத்தாக நிற்கிறது மரம். இழுக்க இழுக்க வரவில்லை. கடைசியில் கீழே ஒடிந்து, தலைப்பக்கம் மட்டும் வந்தது. நான் சேற்றைத் துடைத்தேன். நம்பர் ஒன்று! சுட்ட நம்பர். அப்படியே இருக்கிறது, நேற்றுச் சுட்ட மாதிரி. அந்த மரத்தில் போட்ட நம்பர் ஆயிரம் வருஷமானாலும் அழியாது தம்பி!

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஆளுக்கு என் சிகரெட் பாக்கெட்டைக் கொடுத்தேன். ஊரில் ஒருத்தனிடமும் மூச்சு விடவில்லை. மாதையனிடம் காட்டினால் அவன் அதையும் ஒரு கூட்டம் போட்டுக் கெடுத்துவிடுவான். நேராக அதிகாரியிடம் போய்விட வேண்டும். அதுதான் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

பாருங்கள். கைலியைக் கொஞ்சம் விலக்குகிறேன். தெரிகிறதா நம்பர்? தலை நசுங்கிப் பூவாக விரிந்திருக்கிறதே, அது கொட்டாப்புளி அடி. எவனோ இதை மண்ணுக்குள் மறைய வேண்டுமென்றே அடித்து அடித்து இறக்கியிருக்கிறான். ஆற்றில் எறிந்தான் என்று நினைத்தோம். எறியவில்லை, புதைத்திருக்கிறான். செங்கோடன்.

என்ன? எந்த இடத்தில் கிடைத்தது என்றா? சொன்னேனே, விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில். எந்தப் பக்கம் என்றால்... கடல் பக்கம். மாடத்தைத் தாண்டி ஒரு மூன்று பாகம் இருக்கும்.

இருங்கள், ஜன்னல் கண்ணாடியில் மழை ஈரம் இருக்கிறது, வரைந்தே காட்டுகிறேன். இது மதகு. இது விளக்கு மாடம், கரை உடைந்த இடம். இது முளை கிடைத்த இடம். எங்கள் துண்டு மதகிலிருந்து முளை வரைக்கும். அதாவது இங்கிருந்து... இது வரைக்கும்.

நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரிகிறது தம்பி. எனக்குக் கண் இருக்கிறது. மூன்றாம் வகுப்புதான் படித்தேன், ஆனால் கண் இருக்கிறது.

அதுதான் சொல்கிறேனே, செங்கோடன் வேலை. வெள்ளத்துக்கு அப்புறம் முளையைப் பிடுங்கி, கடல் பக்கமாகக் கொண்டுபோய் அடித்துவிட்டான். இடத்தை மாற்றிவிட்டான். அவ்வளவுதான்.

துரை கண்ணில் படுகிற மாதிரி அல்லவா நட்டிருப்பான் என்கிறீர்களா? பழியைத் தள்ள நினைக்கிறவன் ஏன் மண்ணுக்குள் மறைக்க வேண்டும் என்கிறீர்களா? படித்தவர்கள் இப்படித்தான், ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். அவன் புத்தி அவனுக்கு. எனக்கென்ன தெரியும்?

செங்கோடனால் எப்படி அவ்வளவு ஆழம் அடிக்க முடிந்தது என்றா? அவனாவது, அடிப்பதாவது. நெஞ்சு நோய்க்காரன். சேவல் மாதிரி இருப்பான். ஐந்து பேர் சேர்ந்து அசைக்க முடியாத மரம் என்று இப்போதுதானே சொன்னேன். அந்த மரத்தைத் தலை மறைய இறக்க அந்த ஊரில் ஒரே ஒரு ஆளால்தான்...

மழை விட்டுவிட்டது போலிருக்கிறது.

இல்லை, ஒன்றும் இல்லை. தண்ணீர் வேண்டாம்.

ஊர் பார்த்தது நம்பர் இல்லாத மொட்டை முளை. எண்பத்தைந்து கூடை. நூறுக்கு எண்பத்தைந்து. இருபது பாகத்துக்கு நூறு கூடையென்றால், மூன்று பாகத்துக்கு எத்தனை கூடை? நீங்கள் கணக்குப் போட வேண்டாம். நான் கேட்கவில்லை.

அவர் அதற்கப்புறம் கொட்டாப்புளியைத் தொடவே இல்லை. கிட்டத்தட்ட நூறு வருஷமாக அது எங்கள் வீட்டு மூலையில் கிடக்கிறது. எறும்பு கூட ஏறாது அதில். அவமானத்தில் தொடவில்லை என்றுதான் அப்பா சொன்னார். அப்பாவும் சின்னப் பையன் அப்போது. சின்னப் பையனுக்கு என்ன சொல்லிவைப்பார்களோ அதுதானே தெரியும்.

தம்பி, அந்த மணியை அழுத்துங்கள். உங்கள் பக்கம்தான் இருக்கிறது. அழுத்துங்கள்.

தெரியும், இது ஆபீஸ் இல்லை. ஆபீஸ் இன்னும் மூன்று நிறுத்தம் தள்ளி. நாற்பது வருஷமாக இந்தப் பஸ்ஸில் போகிறேன், எனக்கு வழி சொல்லாதீர்கள். திரும்பிப் போகிற பஸ் இங்கேதான் நிற்கும். பதினொன்றரைக்கு ஒன்று இருக்கிறது. அதை விட்டால் மூன்று மணி. வெளிச்சம் இருக்கும்போதே போய் மண் வெட்டி வைக்க வேண்டும். நாளைக் காலையில் வெட்டலாமென்றால் அந்த மண்வாரிக்காரன் எல்லாவற்றையும் கிளறி வைத்திருப்பான், நல்ல களிமண் கிடைக்காது. சரளை மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டினால் மாதையன் அதற்கும் பல்லைக் காட்டுவான்.

எதற்கு மண்ணா? எதற்கோ. பாவாயிக்கு முட்டி வீங்கிக் கிடக்கிறது, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள் என்று சொன்னேனே. அந்தக் காலை வைத்துக்கொண்டு நாளைக்குக் கூடையைத் தூக்கி, வழியில் விழுந்து தொலைத்தால் அந்தப் பழியும் எங்கள் வீட்டுமேல்தான் வரும். இருப்பது போதாதா?

நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. அதை நினைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மாதையன்தான் சொன்னான், முளை கிடைத்தால் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று. எல்லோரும் என்று சொன்னான். வாய் இருக்கிறதே என்று பேசிவிடுகிறார்கள், அப்புறம் மனுஷன் மாட்டிக்கொள்கிறான்.

முளையா? அதையும் கொண்டுபோகிறேன். பின்னே இந்தப் பஸ்ஸிலா விட்டுவிட்டுப் போக முடியும்? கல்லுக்குப் பக்கத்தில் போட்டுவிடுகிறேன், பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும். தூக்க வேண்டாம், விடுங்கள், நானே தூக்கிக்கொள்வேன்.

கூடைதான் என் வீட்டில் இல்லை. என் வீட்டுக்காரி பின்னியது எல்லாம் அந்தப் பாவாயி வீட்டில் இருக்கிறது. போய்க் கேட்டு வாங்க வேண்டும். நாற்பத்தொரு வருஷமாக அந்த வாசலை நான் மிதித்ததில்லை. கேட்டால் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்பாளென்று நினைக்கிறீர்களா? கேட்க மாட்டாள். 'இந்தாங்கண்ணே' என்று எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

அவளிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான்.